ஸ்டாண்டு வாசலில் ஒரு வண்டி இடம்

காலை ஊன்றி நடக்க முடியாத ஒருவருக்கு, அதேபோல நடக்க முடியாத இன்னொருவர் மேல் பொறாமை வருமா?

டீக்கடையில் ஒருவர் இதை என்னிடம் கேட்டபோது நான் பிளஸ் டூ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். பிறகுதான் பூவனலிங்கத்தின் கதையைப் பூவனலிங்கம் வாயாலும் மற்றவர்கள் வாயாலும் கேட்டேன். கேட்டதைக் கேட்டபடி சொல்கிறேன்.

பூவனலிங்கம் எப்போதும்வென்றான் என்ற ஊரில் ஆடு மேய்க்கும் குடும்பத்தில் பிறந்தவர். சின்னப் பிள்ளையிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. அண்ணன் தம்பிகள் ஆட்டுக்குப் பின்னால் ஓடினார்கள், இவர் புத்தகத்தோடு உட்கார்ந்தார். படித்து முடித்து, ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு எஸ்.டி.டி. போன் பூத் வாங்கினார். வெள்ளைத்தாயைக் கல்யாணம் முடித்து, ஊருக்கு வெளியே கரிசல் காட்டில் பிளாட் போட்ட பக்கமாகக் குடியேறினார். ஒரு பழைய ஸ்கூட்டருக்கு வெல்டிங் பட்டறையில் பின்னால் இருபுறமும் சக்கரம் வைத்து வாங்கிக்கொண்டார். மழை பெய்தால் கரிசல் மண் அந்தச் சக்கரங்களில் அப்பி, சுற்றவிடாமல் அடைத்துக்கொள்ளும். வண்டியில் உட்கார்ந்தபடியே கம்பால் குத்திக் குத்தி மண்ணை எடுத்துவிட்டு வந்து சேருவார்.

வந்து சேர்ந்த பிறகுதான் உண்மையான தொல்லை. வண்டியை எங்கே நிறுத்துவது?

பூத்துக்கு முன்னால் பஸ் திரும்பும் இடம். அங்கே நிறுத்தினால் போலீஸ்காரர் விரட்டுவார். பக்கத்தில் இருந்தது கடற்கரை என்கிற அண்ணாச்சியின் வண்டி ஸ்டாண்டு. அது அவருடைய சொந்த இடம். முன்னால் சைக்கிள், ஸ்கூட்டர், பின்சுவர் ஓரம் கார்கள். அங்கே வேலை பார்த்த சோலை, தீப்பெட்டிக்குள் குச்சி அடுக்குகிற மாதிரி வண்டிகளை அடுக்குவான். எந்த வண்டியையும் பின்பக்கம் பிடித்து ஒரு தூக்குத் தூக்கி, இழுத்து, இண்டு இடுக்கில் செருகிவிடுவான். பூவனலிங்கத்தின் வண்டி மட்டும் அவனுக்குப் படியவில்லை. பக்கச் சக்கரம் வைத்த வண்டியைத் தூக்கவும் முடியாது, சாய்க்கவும் முடியாது. அதனால் கடைக்கோடிக்கு அனுப்பிவிட்டான். அங்கிருந்து கக்கத்துக் கம்புகளை ஊன்றி வண்டிகளுக்கு நடுவே வரும்போது, கம்பு ஏதாவது ஒரு சைக்கிள் சக்கரக் கம்பிக்குள் மாட்டும். பல தடவை விழுந்திருக்கிறார். சாயங்காலம் முன்னால் இருக்கிற வண்டியெல்லாம் போன பிறகுதான் வீட்டுக்குப் போக முடியும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், ஆட்கள் நிறைய நிற்கும் நேரமாகப் பார்த்து, அண்ணாச்சியின் மேசைக்கு முன்னால் போய்ச் சத்தம் போட்டார்.

"எங்களை மாதிரி ஆளுகளுக்குச் சட்டம் வந்திருக்கு மொதலாளி. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

"சட்டமெல்லாம் ரோட்டுக்குலே. இது எங்க அய்யா வாங்கிப் போட்ட இடம்."

சொந்த இடத்துக்குள் அந்தச் சட்டம் வருமா வராதா என்று பூவனலிங்கத்துக்கும் தெரியாது. ஆனாலும் அவர் வாயை மூடவில்லை. சுற்றி நின்றவர்கள் அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்ததும் அவர் கையை உதறினார். "சரி, சரி, கத்தாத. வாசல்கிட்ட மேசை ஓரமாப் போட்டுக்கோ, போ."

அந்த இடம் தகரக் கூரையின் கீழ் நிழலாக இருந்தது. இறங்கினால் பத்தடியில் தெரு. போன் பேச வருகிறவர்களிடமெல்லாம் பூவனலிங்கம் சொல்லுவார், "சண்டை போட்டு வாங்குன இடம்லா அது." சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

இந்த நிலையில்தான், இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம், இசக்கிராஜா வந்து சேர்ந்தான். பஜாரில் பெரிய பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகன். கயத்தாறு பக்கம் லாரி மோதி, வலது காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். பூத்துக்கு இரண்டு கடை தள்ளி ஜெராக்ஸும் கம்ப்யூட்டரும் வைத்து உட்கார்ந்தான். வருவது வெள்ளை மாருதி காரில். காலால் அழுத்த வேண்டியதையெல்லாம் கையால் இழுக்கிற மாதிரி மதுரையில் மாற்றியிருந்தார்கள். அவன் வந்த மறுநாளே பெயிண்டர் ஒருவர் ஸ்டாண்டு வாசல் சுவரில் எழுதிக்கொண்டிருந்தார்: இசக்கிராஜா கார் மட்டும்.

"என் இடத்துல என்னலே எழுதுதாரு?"

"மொதலாளி சொல்லிட்டாவ அண்ணே" என்றான் சோலை. "கார் கதவு முழுசாத் திறக்கணுமாம்லா. நீங்க அந்த மூத்திரச் சந்துப் பக்கம் போட்டுக்கிடுங்க."

"ஏன், எனக்கு நாறாதா? காலுதாம்லே இல்ல. மூக்கு இருக்கு."

சோலை சிரித்தான். பூவனலிங்கம் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. ஓடுகிறவனைப் பார்த்து அவர் ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை. ஓடுகிறவன் வேறு சாதி, அவ்வளவுதான். இவன் தன்னைப் போன்றவன். தன்னைப் போன்றவனுக்குக் கார். அண்ணாச்சியே எழுந்து போய்க் கதவைப் பிடிக்கிறார், "வாங்க தம்பி" என்கிறார். தனக்கோ "ஏலே லிங்கம்". இவனுடைய பொய்க்கால் பேண்டுக்குள் மடிப்புக் கலையாமல் இருக்கிறது, நடந்தால்தான் தெரியும். தன் கம்புச் சத்தம் தெருமுனைக்கே கேட்கிறது. ஒரு நாள் காலையில் அந்தக் கார் பஞ்சராகி நின்றதைப் பார்த்து பூவனலிங்கத்துக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. ஆனால் சோலையும் இன்னும் சில பேரும் ஓடிவந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே டயரை மாற்றிவிட்டார்கள். தன் வண்டி பஞ்சரானால் உருட்டக்கூட ஆள் வராதே என்று நினைத்ததும் குடித்த பாயசம் கசந்தது.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சு.

"இருபத்திநாலு வருசம் ஓடியாடித் திரிஞ்சவன்ட்டி அவன். பந்து வெளாண்டிருக்கான். எனக்கு அப்படி ஒரு நாளு உண்டா?"

"அதுக்கு அவரு காலை லாரிக்குக் குடுத்திருக்காருல்லா" என்றாள் வெள்ளைத்தாய்.

"நீ யாரு பக்கம்?"

"நான் சோத்துப் பக்கம். ஆறிப்போகுது, சாப்பிடுங்க."

இதில் பெரிய கொடுமை, இசக்கிராஜா நல்ல பையன். ஒரு நாள் பூத்துக்கு வந்து, "அண்ணே, உங்க இடத்தைத்தான் நான் புடிச்சிட்டேன்னு சொல்லுதாவ. நெசமா?" என்று நேராகவே கேட்டான்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பூவனலிங்கம் சிரித்து மழுப்பினார். "இடம் அண்ணாச்சியோடதுப்பா. அவிய யாருக்குக் குடுத்தா என்ன?" அவன் போன பிறகு, கெட்டவனாகவாவது இருந்து தொலைத்தானா என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

அடுத்த வருடம் வியாபாரிகள் சங்கத்துக்குத் தேர்தல் வந்தது. கடற்கரை அண்ணாச்சி தலைவர் பதவிக்கு நின்றார். இசக்கிராஜாவின் அப்பா பாத்திரக்கடைக்காரர் எதிராளிக்கு வேலை பார்த்தார். அண்ணாச்சி தோற்றார். மறுநாள் காலையில் வாசல் சுவரில் இசக்கிராஜா பெயர் மேல் வெள்ளை அடித்திருந்தது.

"ஏலே லிங்கம், வண்டியை இங்கன போடு. ஒம் பேரையே எழுதிருவோம்" என்றார் அண்ணாச்சி.

பூவனலிங்கத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? பெயிண்டரிடம், தீப்பெட்டி லாரிகளுக்கு எழுதுகிற மாதிரி மஞ்சளில் எழுதி, சிவப்பில் நிழல் கொடுக்கச் சொன்னார். எழுதி முடிக்கும்வரை பூத்துக்கே போகவில்லை. இசக்கிராஜாவின் கார் வந்து வாசலில் தயங்கி நின்றதையும், சோலை அதைப் பின்சுவருக்குக் கைகாட்டியதையும் வண்டியில் உட்கார்ந்தபடியே பார்த்தார். அவன் இவரைப் பார்த்தான். இவர் தன் பெயரைப் பார்த்துக்கொண்டார். அன்று ராத்திரி, வெகு நாளைக்குப் பிறகு, நன்றாகத் தூங்கினார்.

பங்குனித் திருவிழா வந்தது. பட்டிக்காட்டு ஜனமெல்லாம் கோவில்பட்டிக்குள் இறங்கியது. ஸ்டாண்டு பிதுங்கி வழிந்தது. மத்தியான வெயிலில் இசக்கிராஜா வந்து, வழக்கம்போலப் பின்சுவரை ஒட்டிக் காரை நிறுத்தினான். வலதுபக்கம் சுவர். இடதுபக்கக் கதவு வழியாகத்தான் நகர்ந்து நகர்ந்து இறங்க வேண்டும். அவன் நகர்வதற்குள் சோலை அந்தப் பக்கம் ஸ்கூட்டர்களைக் கொண்டுவந்து நெருக்கிவிட்டான். "ஒரு நிமிசம் தம்பி, இந்தா எடுத்துருதேன்" என்று சொன்னவன், வாசலில் கூட்டம் கூப்பிட்டதும் போய்விட்டான். போனவன் மறந்தும் போனான்.

கார் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தது.

பூவனலிங்கம் பூத்துக்குள் இருந்து கேட்டார். யாருடைய ஹார்ன் என்று உடனே தெரிந்தது, வண்டிகளை நெருக்கி அடைத்துவிட்டார்கள் என்பதும் புரிந்தது. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் ஊறியது. அடிக்கட்டும், நான் எத்தனை சாயங்காலம் காத்துக் கிடந்திருக்கிறேன் என்று நினைத்தார். போன் பேச வந்த ஒரு பெண், "என்ன அண்ணே, இந்த ஹார்ன் காதைக் கிழிக்குது" என்றாள். "கொழுப்பு" என்றார்.

ஹார்ன் விட்டு விட்டு அடித்தது. பிறகு இடைவெளி கூடியது. பிறகு சின்னச் சின்னதாக, கை சோர்ந்தவன் தட்டுகிற மாதிரி கேட்டது. பூவனலிங்கத்தின் முகம் மாறியது. கண்ணாடியை இறக்கினாலும் காற்று வராத இடுக்கில், காருக்குள் இந்த வெயிலில் என்ன ஆகும் என்று நினைத்ததும் கம்புகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அண்ணாச்சி மேசையில் விசிறிக்கொண்டிருந்தார். "பாத்திரக்கடைப் பவுசு கத்துது. கத்தட்டும்லே."

சோலை எங்கேயோ தெருவில் நின்றான். பூவனலிங்கத்தால் ஒரு சைக்கிளைக்கூட இழுக்க முடியாது. தன் வண்டியில் ஏறினார், கிளப்பினார், ஸ்டாண்டு வாசலை அடைத்துக் குறுக்கே நிறுத்தினார். சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

உள்ளே வரவும் வழியில்லை, வெளியே போகவும் வழியில்லை. கூட்டம் கத்தியது. நாலு பேர் வண்டியைத் தூக்கப் பார்த்தார்கள், ஆளோடு சேர்ந்து அது அசையவில்லை.

"ஏலே, கிறுக்குப் புடிச்சிருக்கா?" அண்ணாச்சி எழுந்து வந்தார். "ஒம் பேரைத்தான எழுதிப் போட்டிருக்கேன்? ஒனக்கு என்னலே கொறச்சல்?"

"பின்னால ஒருத்தன் காருக்குள்ள அவிஞ்சுக்கிட்டிருக்கான். மொதல்ல அவனை வெளிய எடுங்க."

நின்றவர்களில் பத்துப் பேர் அதைக் கேட்டுப் பின்னால் ஓடினார்கள். ஸ்கூட்டர்களைத் தூக்கி எறியாத குறையாக நகர்த்தி, இசக்கிராஜாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். சட்டை தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. உதடு வெளுத்திருந்தது. யாரோ சோடா கொடுத்தார்கள்.

"இப்ப வண்டியை எடு" என்றார் அண்ணாச்சி. குரல் இறங்கியிருந்தது.

"எடுக்கேன். எம் பேரை அழிங்க."

"ஏன்? ஆசைப்பட்டுத்தான எழுதுன?"

"ஆமா, ஆசைதான். ஆனா அவன் அப்பா மேல உள்ள கோவத்துல அவன் பேரை அழிச்சீய. நாளைக்கு என் மேல கோவம் வந்தா எம் பேரை அழிப்பீய. நான் பெறவும் மூத்திரச் சந்துக்குப் போகணும். இந்தப் பக்கம் ஒரு இடம், அந்தப் பக்கம் ஒரு இடம். கால் முடியாதவங்க வண்டிக்குன்னு எழுதுங்க. யாரு பேரும் வேண்டாம்."

"என் இடத்துல நீ சட்டம் போடுதியா?"

அண்ணாச்சிக்குப் பதில் சொன்னது பூவனலிங்கம் அல்ல. வீட்டுக்குப் போக நின்ற ஒரு டீச்சரம்மா. "எழுதிட்டுப் போங்க அண்ணாச்சி. ஒரு உசுரு போயிருந்தா இந்த ஸ்டாண்டுல நாளைக்கு யாரு வண்டி விடுவா?" கூட்டம் ஆமாம் போட்டது. அண்ணாச்சி வியாபாரி, கூட்டத்தின் முகத்தைப் படிக்கத் தெரிந்தவர். அன்றைக்கே பெயிண்டருக்கு ஆள் போனது.

அதோடு இருவரும் கட்டிப்பிடித்துச் சிநேகமானார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அதுவல்ல. இரண்டு இடம் ஒதுக்கினார்கள், ஆனால் தகரக் கூரை இடதுபக்கத்துக்கு மட்டும்தான் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் வலதுபக்கம் வெயில் தகிக்கும். முதல் நாளே இசக்கிராஜாவின் கார் நிழலில் நின்றது. பூவனலிங்கம் தன் சீட்டைத் தொட்டார், சுட்டது. வயிறும் சேர்ந்து சுட்டது. மறுநாளிலிருந்து வெள்ளைத்தாய் இட்லி ஊற்றுவதற்கு முன்பே கிளம்ப ஆரம்பித்தார்.

"இந்தக் காலையில யாரு போன் பேச வருவா?" என்று அவள் கேட்டாள்.

"அவன் வந்துருவான்ட்டி" என்றார்.

இன்றைக்கும் யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கே நிழல். பிந்தி வருகிறவர் முந்தியவரை முறைத்துக்கொண்டு வெயிலில் நிறுத்துகிறார். ஆனால் இருவரும் இறங்கி, தடுமாறாமல் தெருவுக்குப் போகிறார்கள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊரிலும் சொந்த இடத்தில் வண்டி ஸ்டாண்டு நடத்துகிறவர் ஒருவர் இருப்பார். வண்டியை விட்டுவிட்டு டோக்கன் வாங்கும்போது, நின்று இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லையென்றால், பின்னால் வரிசையில் நிற்பவருக்குச் சொல்லுங்கள்.