நெற்றியில் வைத்த கிரேக்கக் காசு

விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் குமாஸ்தாவாக இருந்த தாண்டவராயனுக்குக் கைகால் சும்மா இருக்காது. வீடு திண்டிவனத்தில். தினமும் பாசஞ்சர் வண்டியில் போய்வருவார். பெட்டியில் இடமிருந்தாலும் வாசலில்தான் நிற்பார். பையில் ஏதாவது ஒரு பழங்காசைப் புரட்டிக்கொண்டேயிருப்பார். ஊரில் ஒருவனுக்குச் சீட்டாட்டப் பைத்தியம், இன்னொருவனுக்கு நாடகப் பைத்தியம். இந்த மனிதருக்குக் கிரேக்கக் காசுப் பைத்தியம். ஒரு குமாஸ்தாவுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டால், "நீங்க வெத்தல போடலியா?" என்று திருப்பிக் கேட்பார். அந்த மனிதரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

கோட்டக்குப்பம் சிக்கந்தர் பாட்சா வியாபார விஷயமாகப் பாஸ்ரா வரை கப்பலில் போய்வருகிறவர். 1937-இல் அங்கிருந்து ஒரு கனத்த வெள்ளிக் காசு கொண்டுவந்தார். ஒரு பக்கம், சிங்கத்தோலைத் தலையில் மாட்டிக்கொண்ட வாலிபன் முகம். மறுபக்கம், கையில் கழுகுடன் அரியணையில் உட்கார்ந்த கடவுள். அலெக்சாந்தர் அடித்த காசு. அந்த வாலிபன் ஹெராக்ளிஸ் என்ற வீரன் என்று புத்தகங்கள் சொல்லும். அலெக்சாந்தரேதான் அப்படி வேஷம் போட்டிருக்கிறான் என்பது தாண்டவராயனின் கட்சி. காசை வாங்கிக்கொண்டு தன் சைக்கிளைப் பாட்சாவிடம் கொடுத்துவிட்டார்.

"ஓடற சைக்கிளக் குடுத்துட்டு ஓடாத காச வாங்கிக்கினு வந்துருக்கீங்களே, உங்கள இன்னான்னு சொல்றது!" என்று மனைவி குப்பம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் அதை வைக்க வெல்வெட் துணியில் ஒரு சுருக்குப்பை தைத்துக் கொடுத்தவளும் அவள்தான். பிள்ளை இல்லாத வீடு. பேசிச் சிரிக்க அவர்களுக்கு அந்தக் காசுகளாவது இருந்தன.

1943-இல் குப்பம்மாளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. ஐந்தாறு நாள் படுத்தாள், தேறுகிறாள் என்றார்கள். அதை நம்பித்தான் தாண்டவராயன் வேலைக்குப் போனார். மத்தியானம் ஸ்டேஷனுக்குத் தகவல் வந்தது. வண்டி பிடித்து அவர் திண்டிவனம் வந்து சேர்வதற்குள் குளிப்பாட்டி, புதுப்புடவை உடுத்திக் கிடத்தியிருந்தார்கள். நெற்றி நிறையக் குங்குமம். அதன்மேல் ஒரு காசு. சிங்கத்தோல் பல்லிளித்தது.

அவர் காசையே பார்த்தார். கொழுந்தியாளைத் தனியே கூப்பிட்டு, "எங்கிருந்து எடுத்த?" என்றார்.

"உங்க பொட்டியிலதான் மாமா. கட்டுக்கழுத்தியா போறவளுக்கு வெள்ளி வைக்க வேணாமா? சண்டைக்குன்னு சர்க்காரு வெள்ளி ரூபாயெல்லாம் வாரிக்கினு பூட்டான். நோட்ட நெத்தியில ஒட்ட முடியுமா?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. நெற்றியில் வைத்த காசைத் திருப்பி எடுக்கக்கூடாது. சுடுகாட்டில் அது வெட்டியானின் உரிமை. பெண்டாட்டி பிணமாகக் கிடக்கும்போது காசைக் கேட்டால் ஊர் காறித் துப்பாதா? செத்தவர் வாயில் காசு வைப்பது கிரேக்கர் வழக்கம் என்று குப்பம்மாளுக்கே அவர் கதை சொல்லியிருக்கிறார். அந்தக் கதை இப்போது ஒன்றுக்கும் உதவவில்லை.

கொள்ளிச்சட்டி தூக்கி முன்னால் நடப்பவர் திரும்பிப் பார்க்கக்கூடாது. தாண்டவராயன் நடையெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பாடை ஆடுகிறதே, காசு நழுவிச் சாக்கடையில் விழுந்துவிட்டால்? "பாவம், அவளை விட முடியலியே அந்த மனுஷனால," என்று தெருப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கு அதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது.

சுடுகாட்டில் வெட்டியான் துரைக்கண்ணு, "மொகம் பாக்கறவங்க பாத்துக்குங்க," என்று குரல் கொடுத்தார். எல்லோரும் பார்த்தார்கள். தாண்டவராயனும் குனிந்தார். காசின் விளிம்பில் குங்குமம் அப்பியிருந்தது. வெள்ளியை அது அரிக்குமோ என்று பதைத்தார். துரைக்கண்ணு காசை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, முகத்தின்மேல் வறட்டியை அடுக்கினார்.

மறுநாள் பால் தெளிக்க உறவுக்காரர்கள் வருவதற்கு முன்பே, தாண்டவராயன் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு சுடுகாட்டுக்கு ஓடினார். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் வாய்க்குள்ளேயே ஒத்திகை. போனதும் கடிகாரத்தை நீட்டினார். கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"நல்ல வேள வந்தீங்க," என்று துரைக்கண்ணு மடியிலிருந்து காசை எடுத்து நீட்டினார். "மளிகக் கடையில குடுத்தேன், இது இன்னா காசு, செல்லாதுன்னுட்டாங்க. கடியாரமெல்லாம் வேணாங்க. இத எடுத்துக்கினு வேற காசு குடுத்துடுங்க, போதும்."

காசை வாங்கித் துடைத்து, இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. போன உயிர் திரும்பிவந்த மாதிரி மூச்சுவிட்டார்.

"எத்தினியோ மொகம் பாத்துட்டேங்க," என்றார் துரைக்கண்ணு, சாம்பலைப் பார்த்தபடி. "இந்த அம்மா மொகம் மாரி பாத்ததில்ல. காய்ச்சல்ல போனவங்கன்னு சொல்ல முடியாது. வாயோரம் லேசா சிரிச்சாப்புல இருந்துதே, பாத்தீங்க இல்ல?"

தாண்டவராயன் நினைத்துப் பார்த்தார். காசின் விளிம்பு ஞாபகம் இருந்தது, குங்குமம் ஞாபகம் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"எந்த ஓரம்?" என்று கேட்டார்.

துரைக்கண்ணு அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, தன் இடது கடைவாயைத் தொட்டுக் காட்டினார்.