மர்ஜானாவின் பேரை மாற்றியவர்கள்

சொந்தச் சொல்லில், சொந்த மெட்டில் பாட்டுக் கட்டிப் பாடுவதும் ஒரு தொழில்தான் என்று கல்முனைக் கடைத்தெருவில் ஒருவரையும் என்னால் நம்பவைக்க முடியவில்லை. "என்ன செய்யிற?" என்பார்கள். "பாட்டுக் கட்டிப் பாடுறன்" என்றால், "அது சரி, வேலை என்ன?" என்பார்கள். கவிதை எழுதியும் நாடகம் போட்டும் இதே கேள்வியை வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

என்னிடம் பாட்டுகள் நிறைய இருந்தன. ஊர் கேட்டது ஒன்றைத்தான். எழுபதுகளின் கடைசியில் அடித்த சூறாவளியில் சமைக்கிற குசினிச் சுவர் விழுந்து என் தங்கச்சி மர்ஜானா மௌத்தாகி, எங்களை விட்டுப் போனாள். கிணற்றடியில் அவள் வைத்த வாளி வைத்தபடியே கிடந்தது. உம்மாவிடம் கேட்டு, அவள் தலையாட்டிய பிறகுதான் தங்கச்சியின் பேரைப் பாட்டில் வைத்தேன்.

கயிறிருக்கு, வாளியிருக்கு, மர்ஜானா,
கிணத்தடிக்கு நீ இல்லையே, மர்ஜானா!

அந்தப் பேரைக் காப்பாற்ற நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

மாப்பிள்ளை வாழ்த்து

நிந்தவூரில் ஒரு கல்யாண வீடு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியேறுவார். அவர் வாசலுக்கு வரும்போது அவர் பேரைச் சொல்லி வாழ்த்துப் பாட வேண்டும். நான் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டு, ஆர்மோனியப் பெட்டியையும் சுமந்துகொண்டு பஸ்ஸில் போய் இறங்கினேன். பெண்ணின் வாப்பா என் தாளை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. சனத்துக்குத் தெரிந்த மெட்டு வேண்டுமாம், அந்தக் கிணற்றடிப் பாட்டின் மெட்டு நல்ல மெட்டாம், மர்ஜானா வருகிற இடத்தில் மாப்பிள்ளையின் பேரைப் போட்டுவிட்டால் வேலை முடிந்ததாம்.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. அது என் தங்கச்சி மௌத்தான பாட்டு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். மனுசன் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்குத் தள்ளினார். பெட்டியை மூடிக்கொண்டு நான் வாசல் படலை தாண்டும்போது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது: "மௌத்துப் பாட்டெண்டு நீங்க சொன்னாத்தானே தம்பி தெரியும்? மெட்டு நல்லாத்தானே இரிக்கி!"

களவெட்டியில்

இதில் பிழை என்னுடையது. ஒப்புக்கொள்கிறேன், கோபத்தோடுதான் ஒப்புக்கொள்கிறேன்.

இறக்காமத்தில் நிறைய வயலுள்ள போடியார் ஒருவர், மாடு விட்டு நெல் மிதிக்கிற சூடடிப்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். நெல் குவிந்து கிடக்கும் களவெட்டிக்குள் 'இல்லை', 'காணாது', 'முடிஞ்சிது' என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, சொன்னால் விளைச்சலின் பொலிவு போய்விடும் என்பது வயல் வட்டை வழக்கம். சின்ன வயதிலிருந்தே எனக்கு அது தெரியும். ஆனால் வேலைக்காரர்கள் சுற்றி நின்று, "அந்தக் கிணத்தடிப் பாட்ட ஒருக்காப் பாடுங்க காக்கா" என்று அண்ணனிடம் கேட்கிற தம்பிமார் மாதிரிக் கெஞ்சியதும் எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். 'நீ இல்லையே' என்று இழுத்துப் பாடிவிட்டுக் கண்ணைத் திறந்தால் ஒரு கை அசையவில்லை. மாடுகளைச் சாய்த்து ஓட்டிக்கொண்டிருந்தவன்கூட நின்றுவிட்டான்.

"அதுக்குப் பதிலா 'நீ இருக்காயே' எண்டு பாடுங்க" என்றார் போடியார். இருக்கிறவளை நான் ஏன் பாட வேண்டும்? மாட்டேன் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. என் பெட்டியைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போய் வரம்புக்கு அப்பால் வைத்துவிட்டு வந்து சொன்னார்: "உங்கட கவலை எனக்கு விளங்குது தம்பி, ஆனா என்ட நெல்லுக்கு அது கேக்கப்படா."

இந்தியாவில் இருந்து வந்த நான்

பாட்டை நாடாவில் பதிந்து விற்கிற கசற் காலம் வந்தது. கடைத்தெருவில் ஒரு கசற் கடைக்காரர் என்னைப் பின்னறையில் உட்காரவைத்துப் பதிவு செய்தார். தொடக்கத்திலேயே என் பேரையும் ஊரையும் சொல்லி, 'தங்கச்சி மர்ஜானாவுக்கு' என்றும் சொல்லிவிட்டுத்தான் பாடினேன்.

ஒரு மாதம் கழித்து அக்கரைப்பற்று போகிற வேனில் என் குரல் கேட்டது. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "ஆர்ர பாட்டு தம்பி?" என்று சாரதியிடம் ஒன்றும் அறியாதவன் போலக் கேட்டேன். "இந்தியா ஆள் காக்கா. நம்மட ஆக்களுக்கு இப்பிடிப் பாட வருமா?" என்றான். கசற்றை வாங்கிப் பார்த்தேன். உறையில் 'இந்தியாவின் இனிய குரல்' என்று அச்சடித்து, மீசைக்காரன் ஒருவனின் படத்தையும் போட்டிருந்தார்கள். முதலிலிருந்து ஓடவிட்டுக் கேட்டால், என் பேரும், ஊரும், மர்ஜானாவுக்கு என்று நான் சொன்னதும் துடைத்து அழிக்கப்பட்டிருந்தன.

அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்து கடைக்காரரின் சட்டையைப் பிடித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அடிக்கவும் ஓங்கினேன். அவர் என் கையை மெல்ல விலக்கிவிட்டு, தேத்தண்ணிக்கு ஆள் அனுப்பினார். பிறகு, எனக்குப் புத்தி சொல்கிறவர் மாதிரிச் சொன்னார்: "கோவிக்காதீங்க மச்சான், உங்கட பேரப் போட்டா உங்கட உம்மாதான் வாங்குவா."

கரைவலை

அதற்குப் பிறகு இரண்டு வருசம் அந்தப் பாட்டை நான் பாடவில்லை. வினாயகபுரத்துப் பள்ளிக்கூட விழாவுக்குக் கூப்பிட்டபோதும், வேறு பாட்டுகள்தான் பாடுவேன் என்று சொல்லித்தான் போனேன்.

விழாவுக்கு முன் கடற்கரைப் பக்கம் நடந்தேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இழுவைக்கு ஏற்றபடி ஒருவர் பாட, மற்றவர்கள் சேர்ந்து பாடினார்கள். என் மெட்டு! என் வாளி, என் கயிறு! ஆனால் மர்ஜானா வரவேண்டிய இடத்தில் 'செல்லம்மா, செல்லம்மா' என்று இருபது பேர் கத்துகிறார்கள். நிந்தவூர்க்காரர், போடியார், கடைக்காரர், மூன்று பேர் மேலும் இருந்த கோபத்தை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு மணலில் ஓடினேன்.

"ஆரைக் கேட்டுப் பேரை மாத்தின நீங்க? அது என்ட தங்கச்சிட பேர்! சூறாவளிக்கு மௌத்தான என்ட தங்கச்சி!"

பாடியவர் கயிற்றை விடவில்லை. ஐம்பது வயதிருக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்தார். கசற்றில் கேட்டுப் பிடித்த பாட்டு என்றார். பாடினது இந்தியா ஆள் என்றுதான் நினைத்தாராம். பிறகு கொஞ்சம் நகர்ந்து, கயிற்றில் எனக்கும் கை வைக்க இடம் விட்டுக்கொண்டு சொன்னார்: "செல்லம்மா என்ட மகள், காக்கா. அதே காத்துக்குத்தான் போனவ."

இத்தனை வருசத்தில் என் பாட்டைச் சரியாக விளங்கிக்கொண்டவர் ஒரே ஒருவர், அவரும் அதைத் திருடினவர்தான்.