நாலாவது வார்டு மெம்பர்

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் இசக்கிசெல்வியிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை. கமிஷன் கடை ஒன்றில் பல்லாரி வெங்காயம் தரம் பிரிக்கும் வேலைக்குச் சிறு பெண்ணாக வந்து சேர்ந்தவள். பிறகு ஆண்களோடு சரிக்குச் சரியாக மூடை இறக்கினாள். ஒருநாள் லாரியோடு வந்த ஒருவன், பக்கத்தில் நின்ற பெண்ணின் இடுப்பில் கையை வைத்தான். இசக்கிசெல்வி, மூடையைக் குத்தித் தூக்கும் கொக்கியை ஓங்கி அவன் உள்ளங்கையில் இறக்கிவிட்டாள். அவளைப் போலீஸ் ஸ்டேஷனில் சாயங்காலம் வரை உட்கார வைத்து அனுப்பினார்கள். இந்தச் சங்கதியைக் கேள்விப்பட்ட பிறகுதான் டெம்போ ஓட்டுகிற கைலாசம் அவளைப் பெண் கேட்டு வந்தான். கைலாசம் ஒரு ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவன். அவளிடம் எதைக் கண்டு ஆசைப்பட்டான் என்று அவன் அம்மா வள்ளித்தாய்க்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவன் ஊர் ஒரு சின்ன ஊராட்சி. யார் தலைவராக இருந்தாலும் அங்கே முத்துச்செல்வம் சொன்னதுதான் நடக்கும். குளத்து மண் அள்ளுவது அவன் லாரிகள்தான். ஊருக்குக் கிழக்கே செங்கல் சூளையும் வைத்திருந்தான். ஒரு கோடையில் நாலாவது வார்டுக்கு வருகிற தண்ணீர் பாதி வழியிலேயே சூளைக்குத் திரும்பிவிட்டது. பெண்கள் குடத்தோடு போய்ச் சூளை வாசலில் நின்றார்கள். அவன் ஆட்கள் முதலில் குடங்களை மிதித்தார்கள். தடுக்கக் குறுக்கே போன சொக்கம்மாள் என்ற பெண்ணை ஒருவன் வயிற்றில் மிதித்தான். மிதித்தவன் செருப்புகூடக் கழற்றவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த சொக்கம்மாளால் அதற்குப் பிறகு நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

தென்காசி தனி மாவட்டமான பிறகு நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தல் அப்போது வந்தது. நாலாவது வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். முத்துச்செல்வம் தன் கொழுந்தியாளை நிறுத்தினான். எதிர்த்து யாரும் நிற்கமாட்டார்கள் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்க, இசக்கிசெல்வி மார்க்கெட்டுக்கு லீவு போட்டுவிட்டுப் போய் மனுத் தாக்கல் செய்தாள்.

"ஏட்டி, நமக்கு எதுக்கு இந்த வேலை?" என்றான் கைலாசம்.

"சொக்கம்மா நடக்கதப் பாத்தீங்களா?" என்றாள். அவன் டெம்போவிலேயே அவளை ஏற்றிக்கொண்டு ஓட்டுக் கேட்கப் போனான். பிரச்சாரத்தின்போது அவன் டெம்போவின் முன்கண்ணாடியை உடைத்தார்கள். அப்போதும் அவன் வண்டியை நிறுத்தவில்லை.

ஓட்டுப்பதிவு அன்று பள்ளிக்கூட வாசலில் கல் வந்து விழுந்தது. ஒரு கல் இசக்கிசெல்வியின் புருவத்தைக் கிழித்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. சேலை முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அவள் நிற்பதைப் பார்த்து வரிசையில் நின்ற பெண்களும் நகரவில்லை. கல்லெறிந்தவர்களைப் போலீஸ்காரர்கள் லத்தியால் அடித்துத் துரத்தினார்கள். அவளுக்குக் கிடைத்த வெற்றி சின்ன வெற்றி இல்லை. கொழுந்தியாளின் சொந்தத் தெருவிலேயே இசக்கிசெல்விக்கு ஓட்டு விழுந்திருந்தது.

தலைவர் தேர்தலிலும் முத்துச்செல்வத்தின் ஆள் தோற்றான். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவர் ஜெயித்தார். ஆனால் முத்துச்செல்வமே இரண்டாவது வார்டில் மெம்பர் ஆகியிருந்தான். ஊராட்சியில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் செக் செல்லும். துணைத்தலைவர் நாற்காலி கிடைத்துவிட்டால் தலைவரின் கையைக் கட்டிப்போட்டது மாதிரி. மெம்பர்கள் ஓட்டுப் போட்டுத்தான் அந்தப் பதவிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவனை எதிர்த்து முதலாவது வார்டு மெம்பர் சஃப்ரின் நின்றாள். கணவன் சவூதியில் தம்மாமில் இருக்க, பிள்ளைகளையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தவள் அவள். இரண்டு பக்கமும் சரிசமமாக நின்றது. மிச்சம் இருந்தது இசக்கிசெல்வியின் ஓட்டு மட்டும்தான்.

துணைத்தலைவர் தேர்தலுக்கு முந்தின நாள் காலை, மார்க்கெட் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கைலாசத்தின் தம்பி இசக்கிமணி இறங்கி ஓடி வந்தான்.

"மைனி, அண்ணன் வண்டி கவுந்துட்டு. தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காவ. ஏறுங்க, வெரசா."

அவள் கொக்கியைக்கூடக் கடையிலேயே போட்டுவிட்டு ஏறினாள். தென்காசியில் ஆஸ்பத்திரி பக்கம் வண்டி திரும்பவில்லை. குற்றாலம் ரோட்டில் மேலகரத்தைத் தாண்டும்போது கொழுந்தன் முகத்தைப் பார்த்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கதவைத் திறக்கப் போனவளின் முடியைப் பின்சீட்டில் இருந்தவன் பிடித்து இழுத்தான்.

குற்றாலத்தில் அப்போது கொரோனாவுக்காக அருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். காட்டேஜ்கள் காலியாகக் கிடந்தன. தோப்புக்குள் தள்ளியிருந்த ஒன்றில் அவளை இறக்கினார்கள். உள்ளே கைலாசத்தை நாற்காலியில் கட்டிப்போட்டிருந்தார்கள். முத்துச்செல்வம் கட்டிலில் உட்கார்ந்து பிரியாணி தின்றுகொண்டிருந்தான்.

"இந்தா பாரு, ஒனக்கும் எனக்கும் என்ன பகை? நாளைக்கு நம்ம வண்டியிலேயே போ. எம்பேருக்கு நேரா குத்திட்டு வா. ஒம் புருஷன் அதுவரைக்கும் இங்கன இருப்பான்."

"சொக்கம்மாவ மிதிச்சவனுக்குச் சோறு போடுதவன் நீ. ஒனக்கு எப்படிக் குத்துவேன்?"

முத்துச்செல்வம் கையைக் கழுவிவிட்டு வந்து தலையை அசைத்தான். அவன் ஆட்களில் ஒருவன் கைலாசத்தின் வலது கையை மேஜைமேல் இழுத்து வைத்து ஸ்பேனரால் அடித்தான். விரல் உடைகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. இரண்டாவது விரலுக்கு இசக்கிமணி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கைலாசம் கத்தவில்லை. மூச்சு வாங்கி வாங்கி, "போட்டுரு ஏட்டி, அவனுக்கே போட்டுரு" என்றான்.

"சரி" என்றாள் இசக்கிசெல்வி.

மறுநாள் காலை முத்துச்செல்வம், வேன் வந்து அவளைக் கூட்டிப் போகும் என்று சொல்லிவிட்டு, மற்ற ஆட்களோடு முன்னாலேயே ஊராட்சி அலுவலகத்துக்குக் கிளம்பிப் போனான். இசக்கிமணியும் ஸ்பேனர்காரனும் காவலுக்கு இருந்தார்கள். டீ போட்டுத் தருகிறேன் என்று இசக்கிசெல்வி அடுப்படிக்குப் போனாள். தான் அவனுக்கு ஓட்டுப் போட்டாலும் கைலாசத்தை முழுதாக விடமாட்டார்கள் என்பது இரவு முழுக்க உட்கார்ந்திருந்தபோதே அவளுக்குத் தெளிவாகிவிட்டது. பால் பொங்கி வரும்வரை பொறுமையாக நின்றாள். இசக்கிமணி கிளாஸை எடுக்க உள்ளே வந்தான்.

"மைனி, சீனி கம்மியா" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் பாத்திரத்தோடு அவன் முகத்தில் ஊற்றினாள்.

அவன் போட்ட சத்தத்தில் மற்றவன் ஓடி வந்தான். அவள் குக்கரைத் தூக்கி வீசினாள். அது அவன் தோளில் பட்டு விழுந்தது. அவன் ஸ்பேனரை அவள் தாடையில் இறக்கினான். வாய்க்குள் பல் கழன்று உருண்டது. கீழே விழுந்தவள் அவன் காலைக் கட்டிப் பிடித்து, கெண்டைக்காலைச் சதை பிய்யக் கடித்தாள். அவன் அவள் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தான். அவள் விடவில்லை. கைலாசம் கட்டிய நாற்காலியோடு எழுந்து வந்து அவன்மேல் சாய்ந்தான். மூன்று பேரும் தரையில் கிடந்தபோது ஸ்பேனர் அவள் கைக்கு வந்தது. அவன் முழங்காலில் அடித்தாள். அவன் அசையாமல் கிடந்த பிறகும் அடித்தாள். "போதும் ஏட்டி" என்று கைலாசம் அழுத பிறகுதான் நிறுத்தினாள்.

கைலாசத்தின் கட்டை அவிழ்த்தாள். தோப்பைத் தாண்டி ரோட்டுக்கு வந்தார்கள். முதலில் வந்த கார் நிற்காமல் போய்விட்டது. ஒரு ஆட்டோக்காரர் நிறுத்தினார். ஆஸ்பத்திரிக்குத்தானே என்று கேட்டார். வாய் திறக்க முடியாத அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"எங்க ஊரு பஞ்சாயத்து ஆபீசுக்கு விடுங்கண்ணாச்சி" என்றான் கைலாசம்.

அலுவலகத்தில் ஓட்டுச்சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் வந்து நின்றவளைப் பார்த்ததும் சஃப்ரின் தலைமுக்காடு நழுவ எழுந்து ஓடி வந்தாள். "யா அல்லா, யக்கா, யாரு செஞ்சா?" இசக்கிசெல்வி கையை நீட்டிக் காட்டினாள். முத்துச்செல்வம் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்தான். அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உடைந்த அந்தத் தாடையில் அறைந்தான். அவள் சுவரில் மோதிச் சரிந்தாள். தலைவர் அவன் கழுத்தைப் பின்னாலிருந்து பிடித்து நெரித்து, முகத்தைச் சுவரில் மோதினார். வாசலில் நின்ற போலீஸ்காரர் வந்துதான் பிரித்துவிட்டார். அதற்குள் அவன் மூக்கு உடைந்திருந்தது.

"உங்களால முடியுமாம்மா?" என்று அதிகாரி கேட்டார். சீட்டை அவளிடம் நீட்டினார்.

சீட்டில் ரத்தம் பட்டால் செல்லாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, இரண்டு கையையும் சேலையில் அழுத்தித் துடைத்தாள். மறைப்புக்குப் பின்னால் போய்க் குத்தினாள். பெட்டியில் போட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். சஃப்ரின் ஜெயித்ததை அறிவித்தபோது இசக்கிசெல்வி நினைவிழந்து கிடந்தாள்.

தாடைக்குக் கம்பி வைத்தார்கள். சூளைக்குப் போன குழாயை சஃப்ரினும் தலைவரும் ஆளோடு போய்த் துண்டித்தார்கள். முத்துச்செல்வம் உள்ளே போய் ஜாமீனில் வந்தான். அடுத்த தேர்தலை நினைத்து இப்போதே கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறான். கைலாசத்தின் வலது கை கியர் போட வரவில்லை. டெம்போவை விற்றாயிற்று. வள்ளித்தாய் மூத்த மகன் வீட்டுப் படி ஏறுவதில்லை. பால் ஊற்றியதில் இசக்கிமணிக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன.

சென்ற மாதம் வழக்குக்காக இசக்கிசெல்வி தென்காசி கோர்ட்டுக்குப் போனபோது, மரத்தடி பெஞ்சில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். அவள் செருப்புச் சத்தத்தை அவன் கண்டுகொண்டான்.

"மைனிதான?"

"ஆமா."

"அண்ணன் விரலை அடிக்கச் சொன்னது நான் இல்ல மைனி. சும்மா உக்கார வச்சிருப்போம்னுதான் முத்துச்செல்வம் சொன்னான்."

"வண்டி கவுந்துட்டுன்னு நீதான சொன்ன."

அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அது அவளுக்கே எரிச்சலாக இருந்தது. மறுபடி அப்படி ஒரு காலை வந்தால் மறுபடியும் பாலைக் கொதிக்க வைப்பாள் என்றும் தெரிந்தது. உள்ளே அவர்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். இசக்கிமணி கையைக் காற்றில் துழாவி எழுந்தான். படி எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியவில்லை.

அவள் அவன் முழங்கையைப் பிடித்து, "இங்கன மூணு படி, பாத்து ஏறு" என்றாள். ஏற்றிவிட்டுச் சாட்சிக் கூண்டுக்குப் போய், அவன் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.