கிராம்பு பூத்த வருடம்

கிராம்புத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தும் ஐந்தாம் வகுப்பு வரை நான் கிராம்புப் பூவைப் பார்த்ததே இல்லை. மொட்டு சிவக்கத் தொடங்கியதும் பறித்துவிட வேண்டும். விரிந்துவிட்டால் கடையில் எவரும் சீந்த மாட்டார்கள். குற்றாலம் மலையில் அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த மரங்கள் எனக்கு மொட்டாகத்தான் பழக்கம்.

அந்த மாசியில் மொட்டு சிவந்தும் அப்பா ஏணியை எடுக்கவில்லை. காரணம் மாமா. அம்மாவின் தம்பியான அவர் தென்காசியில் ஒரு மசாலாச் சாமான் கடையில் வேலை பார்த்தார். உலகச் செய்தியெல்லாம் தன்னைக் கேட்டுக்கொண்டுதான் டி.வி.க்குப் போகிறது என்பது அவர் நினைப்பு. இலங்கையோடு போட்ட ஒப்பந்தத்தால் அங்கிருந்து வரும் கிராம்புக்கு வரி இல்லை, அதனால் எங்கள் சரக்குக்கு விலையும் இல்லை. இப்போது அந்த மூட்டைகளைத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்களாம். இலங்கையில் விளைந்ததுதான் என்று காட்டிய சான்றிதழில் ஏதோ கோளாறாம்.

பறிகூலிக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். வாங்கும்போதே விலையையும் பேசி முடித்தாக வேண்டும், பிறகு மாற்ற முடியாது. நாலு நாள் பொறுத்துப் பேசினால் நல்ல விலை என்றார் மாமா. அப்பா பொறுத்தார்.

பொறுத்தார் என்று சொன்னேனே தவிர, அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் மலைக்குப் போய் மொட்டைத் தடவிப் பார்ப்பார், இறங்கி வந்து மாமாவுக்குப் போன் போடுவார், திரும்பவும் மலைக்குப் போவார். சோற்றை நின்றுகொண்டே தின்றார். அவரைப் பார்த்து எனக்கும் படிப்பு ஓடவில்லை. காரணம் தெரியாமலே வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் பறிக்கிற ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். புளியறை தாண்டிக் கேரளத்து எஸ்டேட்டில் மிளகு பறிக்கக் கூப்பிடுகிறார்கள் என்றார்கள்.

“இங்கன சும்மா இருந்தா எதத் திங்க, அண்ணாச்சி?” என்றார் அவர்களில் மூத்தவர்.

அப்பாவால் அவர்களைத் தடுக்க முடியவில்லை. அவர்களை ஏற்றிக்கொண்டு எஸ்டேட் ஜீப் கிளம்பிப் போன மறுநாள், போனிலேயே பேசுகிற மாமா நேரில் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“தொறமுகத்துல நிறுத்துன சரக்க விட்டுட்டாங்க, அத்தான்.”

இனி எந்த விலைக்குப் பேசினாலும் மரமேற ஆள் இல்லை. அம்மா தம்பிக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு நானும் மலைக்குப் போனேன். மரமெல்லாம் பூ. வெள்ளைக் குஞ்சம் கட்டிவிட்டதுபோலக் கொத்துக் கொத்தாக விரிந்து கிடந்தது, தேனீ மொய்த்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கைக்கு எட்டிய ஒரு கொத்தை ஒடித்துச் சடையில் செருகிக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன்.

“அப்பா, அடுத்த வருசமும் இப்பிடியே பூக்க விட்டுருவமா?”

அப்பா குனிந்து என் சடையைப் பிடித்தார். நழுவிய கொத்தைச் சரியாகச் செருகிவிட்டார்.

“ஒனக்குப் புடிச்சிருக்கில்லா? விட்டுருவோம்ட்டி.”

சொன்னபடியே செய்தார். அடுத்த மாசிக்குள் குத்தகையை விட்டுவிட்டு, அதே ஆட்களோடு ஜீப்பில் ஏறிப் புளியறை தாண்டி மிளகு பறிக்கப் போய்விட்டார். நான் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்: எனக்குப் பூ பிடிக்கும் என்பதற்காகவே எங்கள் அப்பா கிராம்பு பறிப்பதை விட்டுவிட்டார் என்று.