ஏழு நாளும் எட்டு மோட்டாரும்

மெஷின் ஓடுகிற வரைக்கும் சர்வீஸ் இஞ்சினீயர் என்று ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் அவன் பிறந்த நேரத்திலிருந்து தொடங்கித் திட்டுவார்கள். இந்தத் தொழிலில் குப்பை கொட்டிய சக பாவிகளுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. உத்திரமேரூருக்கும் மாகறலுக்கும் நடுவே, நெல் வயலை ஒட்டி ஒரு தகர ஷெட். சேமியா பாக்கெட்டுக்குக் கவர் அச்சடிக்கிற காதர் பாய், எங்கள் கம்பெனியின் ஆறு கலர் மெஷினை அங்கே இறக்கியிருந்தார். ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பகல் ஷிஃப்டில் ஏழு நாள் தொடர்ந்து, நடுவில் தானாக நிற்காமல் ஓட வேண்டும். நின்றால் திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். ஏழும் முடிந்து பாய் கையெழுத்துப் போட்டால் என் வேலை பர்மனென்ட். இல்லையென்றால் மெஷினோடு நானும் ரிட்டர்ன் என்று மெட்ராஸிலிருந்து எங்கள் மேனேஜர் போனில் சொல்லிவிட்டார். அந்த மாதம்தான் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "பர்மனென்ட்டா?" என்பது.

ஷாஃப்ட்டைக் காணோம்

பாயின் பழைய மெஷினில் ஒரே மோட்டார். அதிலிருந்து ஷாஃப்ட் என்று ஒரு நீளமான இரும்புத் தண்டு ஓடும். எல்லா உருளையும் பல்சக்கரம் போட்டு அதைப் பிடித்துக்கொண்டு சுற்றும். புது மெஷினில் ஷாஃப்ட் கிடையாது. கலருக்கு ஒன்றாக ஆறு மோட்டார், பிளாஸ்டிக் சுருளை அவிழ்க்க ஒன்று, சுற்ற ஒன்று, ஆக எட்டு. பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெஷினுக்கு அடியில் குனிந்து ஷாஃப்ட்டைத் தேடினார்.

நான் ஒரு மெல்லிய கேபிளைக் காட்டினேன். உள்ளே நூல் மாதிரி பிளாஸ்டிக், அதற்குள் சிவப்பு வெளிச்சம். மெஷினின் மூளையான கன்ட்ரோலர் அந்த வெளிச்சத்தில் சேதி அனுப்பும். சேதி எட்டு மோட்டாரையும் வரிசையாகச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து சேரும். நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இப்படி நடக்கும். ஒரு மோட்டார் பதில் சொல்லாவிட்டாலும் எட்டும் நின்றுவிடும் என்று பெருமையாக விளக்கினேன். பாய் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஒண்ணை ஒண்ணு தொடாம எட்டும் ஒண்ணா சுத்தும்ன்ற. எங்க வூட்ல அஞ்சி பேரு ஒரே கூரைக்குக் கீய கீறோம் தம்பி, ஒரு வேளை ஒண்ணா நாஷ்டா துண்ண வர மாட்டறானுங்கோ."

திமிர் பிடித்த வெளிச்சம்

மெஷின் ஆபரேட்டர் எத்திராஜ் மாகறல்காரர், என் வயதுதான். அதற்கு முன் டிராக்டர் ஓட்டியவர். எதுவும் சுத்தமாக இருக்க வேண்டும் அவருக்கு. மெஷின் இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலை, கேபிள் தொளதொளவென்று தொங்குவது பொறுக்காமல் அதைச் சின்னச் சின்ன வளையமாக மடக்கி, சணல் கயிற்றால் வைக்கோல் கட்டுப் போல இறுக்கிக் கட்டிவிட்டார். மடிப்பில் வெளிச்சம் செத்துப்போனது. ஆளுக்கொரு இடத்தில் மோட்டார்கள் நின்றதில், கவரில் இருந்த கிளியின் சிவப்பு மூக்கு அதன் வாலில் போய் விழுந்தது.

நான் கட்டை அவிழ்த்துவிட்டு அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். அதோடு விடவில்லை. ஒரு அட்டையில், 'கேபிளை மடக்காதே, இறுக்காதே, இதன்மேல் எதையும் மாட்டாதே' என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். எத்திராஜ் அதை இரண்டு தரம் படித்தார்.

"கரண்டே எப்டி வளைச்சாலும் போவுது. வெளிச்சத்துக்கு இன்னா சார் அவ்ளோ திமிரு?"

எட்டு ஆகாது

அடுத்த முறை நான்கு நாள் ஓடியது. நான் மனதுக்குள் கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆரம்பித்திருந்தேன். ஐந்தாம் நாள் காலை சுவிட்சைப் போட்டால் மெஷின் அசையவே இல்லை. ஒவ்வொரு மோட்டார் பெட்டியிலும் அதன் நம்பரை வைக்க ஒரு குட்டித் திருகு உண்டு. கன்ட்ரோலர் ஒன்று, இரண்டு என்று பெயர் கூப்பிடும். அந்தந்த நம்பர் பதில் சொல்லும். எட்டைக் கூப்பிட்டபோது ஏன் என்று கேட்க நாதியில்லை.

போய்ப் பார்த்தால் எட்டாவது திருகு ஒன்பதில் இருந்தது. பாயிடம் கணக்கு வழக்கு பார்க்கிற வரதராஜன் எண் ஜோதிடப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே தூங்குகிற ஆள். முந்தின நாள் சாயங்காலம் ஸ்குரூ டிரைவரோடு அவர்தான் அந்தப் பக்கம் போயிருக்கிறார். நான் கத்தினேன். அவர் கலங்கவில்லை. 'எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் ஏன் வம்பு' என்று பாய் சொல்லிவிட்டதால், கடைசியில் நான்தான் புரோகிராமை மாற்றினேன். அந்த மெஷினில் ஏழுக்கு அடுத்தது ஒன்பது. ஏழு நாள் கணக்கு மறுபடி ஒன்றுக்கு வந்தது. வரதராஜனுக்கு மட்டும் திருப்தி.

"எட்டுன்னு கூப்ட்டா சனி தான் சார் வருவாரு. நீ ஒம்போதுன்னு கூப்ட்டுப் பாரு, மோட்டாரு வரும்."

பதினாறு பொட்டு

ஆயுத பூஜைக்கு பாய் எல்லோருக்கும் பொரி, கடலை வாங்கித் தந்து லீவும் விட்டார். நான் காஞ்சிபுரம் லாட்ஜில் படுத்துத் தூங்கினேன், அதுதான் தப்பு. மறுநாள், எங்கள் கணக்கில் மூன்றாவது நாள், மெஷின் மாலையும் வாழைக்கன்றுமாக ஜோராக நின்றது. ஓடத்தான் இல்லை. எத்திராஜ் துடைக்கிறேன் பேர்வழி என்று கேபிள்களைக் கழற்றியிருக்கிறார். மோட்டாருக்கு இரண்டாகப் பதினாறு முனைக்கும் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமமும் வைத்து, மறுபடி பக்தியோடு செருகியிருக்கிறார்.

பஞ்சும் ஸ்பிரிட்டுமாக உட்கார்ந்து பதினாறு பொட்டையும் அழித்தேன். எனக்கு அழுகை வராத குறை. எத்திராஜுக்கோ நான் பொட்டை அழிப்பதைப் பார்த்து முகம் சுண்டிப்போனது.

"சாமி வெளிச்சமா கீற எடத்துல தான சார் பொட்டு வெக்கணும்? இருட்டுல வெச்சா யாரு பாப்பா?"

ஏழாம் நாள்

ஆறு நாள் ஓடிவிட்டது. ஏழாம் நாள் மத்தியானத்துக்குமேல் மெஷின் பக்கம் யாரையும் விடவில்லை. எத்திராஜைக்கூட இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னேன். ஷிஃப்ட் முடிய இருபது நிமிஷம். பாய் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதை வாங்கிச் சரிபார்ப்பதற்காக, தோளில் கிடந்த பையைக் கழற்றி எங்கோ மாட்டினேன். மெஷின் நின்றது.

என்ன பண்ணினாய் என்று எத்திராஜ் மேல் பாய்ந்தேன். வரதராஜனையும் விடவில்லை. தரையில் படுத்து எட்டுப் பெட்டியையும் திறந்து பார்த்தேன். திருகு சரி, முனை சுத்தம், எந்தக் குறையும் இல்லை. எத்திராஜ் சுவர்ப் பக்கம் போனார். நான் ஒட்டிய அட்டைக்கு நேர் கீழே, லேப்டாப்பும் டிபன் பாக்ஸுமாகக் கனத்த என் பை கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை எடுத்து என் கையில் கொடுத்தார். அட்டையைக் காட்டி, "உன் எழுத்து தான சார்" என்று மட்டும் கேட்டார். மெஷினை ஓட்டியதும் கிளியின் மூக்கு மூக்கிலேயே விழுந்தது.

நான் பாயின் முகத்தைப் பார்க்கவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணலாம் என்று வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. பாய் படிவத்தை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். குறிப்பு என்று இருந்த இடத்தில், 'மெஷின் நன்றாக ஓடுகிறது, இஞ்சினீயர் பையை வெளியே மாட்டவும்' என்று எழுதி என்னிடம் நீட்டினார். அந்தக் காகிதம்தான் என்னை பர்மனென்ட் ஆக்கியது. என் மாமனாரும் அதைக் குறிப்போடு சேர்த்துப் படித்துவிட்டுத்தான் பெண் கொடுத்தார்.

"நாலு தபா நின்னுது, நாலு தபாவும் மனுஷன் பண்ண பேஜாரு. மெஷின் மேல இன்னா தப்பு? அதான் கையெய்த்து அதுக்குப் போட்டேன் தம்பி, உனக்கு இல்ல."

எட்டு மோட்டாரை ஒரே தாளத்தில் சுற்ற வைக்க ஒரு கேபிள் போதும். என் வாய் சொல்வதை என் கை கேட்க வைக்கத்தான் இன்னும் கேபிள் வரவில்லை.