ஒன்றரை லீற்றர் பெற்றோல்

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, பூநகரியிலிருந்து பரந்தனுக்குப் போகும் வீதியில், கண் சரியாகத் தெரியாத ஒரு மனிதரை கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, அவருடைய காரிலேயே, ஒன்றரை லீற்றர் பெற்றோல் எவ்வளவு தூரத்தில் தீரும் என்று சோதித்துப் பார்த்தவன் நான். தீர்ந்தது. ஆஸ்பத்திரி வரவில்லை.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. வீடு கிளிநொச்சியில், வேலை பூநகரிப் பக்கம் ஓர் அரச அலுவலகத்தில். பதினொரு வருடமாக மோட்டார் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் அலுவலக வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கப் பார்த்தேன். சைக்கிள் நின்றது, நான் நிமிரவில்லை. டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முள்ளந்தண்டில் இரண்டு எலும்புக்கு நடுவில் இருக்க வேண்டிய மெத்தை வெளியே வந்துவிட்டது, இனி மோட்டார் சைக்கிள் வேண்டாம் என்றார். பஸ் இருக்கிறது. ஆனால் அலுவலகம் தொடங்கும் நேரத்துக்கும் அது வரும் நேரத்துக்கும் எந்த உறவும் இல்லை. இடமாற்றம் கேட்டு நான் எழுதிய கடிதங்களைச் சேர்த்தால் தடித்த நாவல் ஒன்று வரும். முடிவு மட்டும் இராது. ஓய்வு பெற இன்னும் எட்டு வருடம். ஆகவே ஒரு கார் வேண்டும். புதிதல்ல, எட்டு வருடம் போய் வரக்கூடிய, அதிகம் பெற்றோல் குடிக்காத, யாரோ ஓடிக் களைத்த ஒரு சின்னக் கார்.

நான் புத்தகம் படிப்பவன். எதையும் படித்துவிட்டுத்தான் செய்வேன். அதனாலேயே என் வாழ்க்கையில் பல விஷயங்கள் நடக்காமல் போயின. நான்கு மாதம் இரவும் பகலும் பழைய கார்களைப் பற்றிப் படித்தேன். ஒரு கொப்பியில் முப்பத்தாறு கேள்விகள் எழுதினேன். மனைவி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “என்னைப் பொம்பிளை பாக்க வரேக்கை ஒரு கேள்வியும் கேக்கேல்லையே” என்றாள். “அதுதான் இப்ப கவனமா இருக்கிறன்” என்றேன். அன்றைக்கு இரவு எனக்குச் சாப்பாடு சூடாகக் கிடைக்கவில்லை.

கார் பார்க்கப் போவது ஒரு தனி அலுப்பு. இறக்குமதி நின்றிருந்த வருடங்களில் பழைய கார்களுக்கு வயது ஏற ஏற விலையும் ஏறியது. மனிதருக்கு அந்த வசதி இல்லை. வவுனியாவில் ஒரு கார் பார்த்தேன். பன்னிரண்டு வருடத்தில் அது ஓடிய தூரம் என் மோட்டார் சைக்கிள் ஒரு வருடத்தில் ஓடியதைவிடக் குறைவு என்று அதன் மீற்றர் சொன்னது. “ஞாயிற்றுக்கிழமையிலை கோயிலுக்கு மட்டும்தான் எடுக்கிறது” என்றார் உரிமையாளர். அந்தக் காரின் பிறேக் மிதியைப் பார்த்தால், கோயில் நாட்டின் மறு முனையில், கதிர்காமத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. தண்ணீரூற்று என்ற ஊரில் ஒரு ஹைபிரிட் கார். லீற்றருக்கு இருபத்தைந்து ஓடும் என்றார்கள். பற்றரி பழுதானால் எங்கே திருத்துவது என்று கேட்டேன். “கொழும்பிலை செய்யலாம்” என்றார்கள். கொழும்புவரை அதை எதில் ஏற்றிக்கொண்டு போவது என்பதை அவர்கள் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். எந்தக் காரானாலும் குறைந்தது லீற்றருக்கு இருபது. ரயர் மொட்டையானதும் இருபது, புகை விடுவதும் இருபது. அதனால்தான் நான் அந்தச் சோதனையைக் கண்டுபிடித்தேன். பெற்றோல் தாங்கியை வெறுமையாக்க வேண்டும். அளந்து பெற்றோல் ஊற்ற வேண்டும். தெரிந்த தூரம் ஓட வேண்டும். போய்ச் சேர்ந்தால் கார் உண்மை பேசுகிறது. இவ்வளவு எளிமையான ஒன்று உலகத்தில் வேறு யாருக்கும் ஏன் தோன்றவில்லை என்று அப்போது வியந்தேன். இப்போது வியப்பதில்லை.

ஏழாவதாகப் பார்த்த கார் பூநகரியில், அலுவலகத்துக்குக் கிட்ட இருந்த ஒரு வீட்டில். வெள்ளை நிறம், சின்ன எஞ்சின், சுத்தமாக வைத்திருந்தார்கள். உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர். இருபது வருடம் வாடகைக்கு வான் ஓடிவிட்டு, பிறகு இந்தக் காரை வாங்கியவர். இப்போது இரண்டு கண்ணிலும் வெண்படலம். முகங்கள் நிழலாகத்தான் தெரியும் என்றார். அவருடைய மனைவி முன்பள்ளி ஆசிரியை. அவாவுக்குக் கார் ஓடத் தெரியாது. நின்று துருப்பிடிப்பதைவிட விற்றுவிடலாம் என்று தீர்மானித்திருந்தார்கள்.

ஓடிப் பார்க்க வருகிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது அவா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டா. புதன்கிழமை கிளிநொச்சியில் அவருக்குக் கண் கிளினிக். சத்திரசிகிச்சைக்குத் திகதி குறிக்கிற நாள். இரண்டு தடவை பஸ்ஸை நம்பிப் பிந்திப் போய்த் திரும்பி வந்திருக்கிறார். பத்து மணிக்குள் நம்பர் எடுக்காவிட்டால் இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். “நீங்கள் எப்பிடியும் ஓடிப் பாக்கத்தானே போறியள் சேர், இவரையும் ஏத்திக்கொண்டு போய் விடுவியளே?” என்று கேட்டா. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி இருபத்தெட்டுக் கிலோமீற்றர். என் மூளை உடனே வேலை செய்தது: இருபத்தெட்டு என்றால் ஒன்றரை லீற்றர். கட்டாயம் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். தாங்கியிலுள்ள பெற்றோலை முழுவதும் இறக்கி வைக்கும்படியும் சொன்னேன்.

புதன்கிழமை அலுவலகத்துக்கு லீவு போட்டேன். எட்டு மணிக்கு, வீட்டுக் குசினியிலிருந்து எடுத்த அளவுக் கிண்ணத்தோடு போய் இறங்கினேன். அவா முன்பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தா. “பத்திரமாக் கூட்டிக்கொண்டு போங்கோ சேர். இந்த முறையும் திகதி கிடைக்காட்டி இவர் மனம் விட்டிடுவார்” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனா.

இறக்கிய பெற்றோல் ஒரு பிளாஸ்டிக் கானில் இருந்தது. நான்கு லீற்றருக்குக் குறையாது. அதிலிருந்து ஒன்றரை லீற்றரை அளந்து ஊற்றினேன். பக்கத்தில் நின்றவர், “மிச்சத்தையும் ஊத்துவமே சேர்?” என்று கேட்டார்.

“வேண்டாம் ஐயா, கணக்குக் குழம்பீடும்.”

“ஓம், நீங்கள் சொன்னாச் சரி” என்றார்.

பிறகு கொப்பியைத் திறந்தேன். ஒன்பதாவது கேள்வி: நிறுத்தி வைத்தபடி எஞ்சினைக் கால் மணித்தியாலம் இயங்கவிட்டுச் சத்தத்தைக் கேட்கவும். கேட்டேன். பத்தாவது கேள்வி: அதே நேரத்தில் ஏசியைப் போட்டுப் பார்க்கவும். போட்டேன். ஓடாமல் நிற்கிற காரும் பெற்றோல் குடிக்கும் என்பது கொப்பியில் இல்லை. புறப்பட்ட பிறகும், நோயாளி இருக்கிறாரே என்று ஏசியை நிறுத்தவில்லை. ஒரு சோதனை மற்றச் சோதனையைத் தின்றுகொண்டிருக்க, நான் ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் அந்தக் காரைப் பாராட்டிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் ஒரு மாட்டுப் பட்டி வீதியைக் கடந்தது. நூற்றைம்பது மாடாவது இருக்கும். அதற்கும் ஒரு ஐந்து நிமிடம் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தேன்.

பரந்தனுக்கு ஆறேழு கிலோமீற்றர் இருக்கும்போது கார் இரண்டு தரம் குலுங்கியது. மூன்றாவது தரம் குலுங்கவில்லை. வீதி ஓரத்தில் தானாகவே ஒதுங்கி நின்றது. இரண்டு பக்கமும் வெட்டவெளி. காற்று மட்டும் காரைத் தள்ளிப் பார்த்தது. அந்தக் காற்றுக்கும் அன்றைக்கு எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் எண்ணம் இல்லை.

“நேரம் என்ன சேர்?” என்று கேட்டார் அவர்.

ஒன்பது இருபது. சொன்னேன். மடியில் இருந்த கிளினிக் கொப்பியை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு வேர்க்கத் தொடங்கியது. இரண்டு மோட்டார் சைக்கிள்களை மறித்தேன்; இரண்டிலும் ஏற்கெனவே இரண்டு பேர். பரந்தன் பக்கமாக ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் நெல் மூட்டையோடு வந்தது. கட்டி இழுக்கிறேன் என்றார் அதை ஓட்டியவர். அது போகிற வேகத்தில் பரந்தனுக்குப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேரலாம்.

அப்போதுதான் மீன்காரர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெரிய ரெஜிபோம் ஐஸ் பெட்டி, மேலே தராசு.

“என்ன அண்ணை, எஞ்சின் பழுதாப் போட்டுதோ?”

“இல்லைத் தம்பி, பெற்றோல் முடிஞ்சுது.”

“அடிக்க மறந்திட்டியளோ?”

“மறக்கேல்லை. அளந்து ஊத்தினனான்.”

அவர் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். விளக்கம் கேட்கவில்லை. உள்ளே இருந்தவரைப் பார்த்தார். “ஐயா எங்கை போகோணும்?” என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் பெட்டியைக் கட்டியிருந்த றப்பர் வாரைக் கழற்றத் தொடங்கிவிட்டார்.

“குழாய் இருந்தா இதிலை இருந்து பெற்றோல் இழுத்துத் தந்திடுவன். இல்லை. ஐயாவை நான் கொண்டுபோய் விடுறன். நீங்கள் மீனைப் பாருங்கோ. வெயிலுக்கை வைச்சிடாதேங்கோ.”

பெட்டியைக் காரின் பின் இருக்கையில் ஏற்றினோம். பெரியவரை மோட்டார் சைக்கிளின் பின்னால் இருத்தி, அவருடைய கைகளை எடுத்துத் தன் இடுப்பைச் சுற்றி வைத்துக்கொண்டார். “இறுக்கிப் பிடியுங்கோ ஐயா, மீன் மணக்கும், பறவாயில்லையே?” என்றார். போய்விட்டார்கள். அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

நான் மீனோடு நின்றேன். சந்தைக்குப் போய் அந்த மனிதர் அன்றைய பிழைப்பைப் பார்க்க வேண்டிய நேரம் அது. பெட்டிக்கு அடியால் ஐஸ் தண்ணீர் சொட்டி இருக்கையில் இறங்கியது. கதவுகளைத் திறந்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டியில் வந்த ஓர் அம்மா நிறுத்தினா.

“திரளி என்ன விலை?”

“நான் மீன்காரன் இல்லையம்மா.”

“பிறகேன் மீனோடை நிக்கிறியள்?”

ஐஸோ கரைகிறது. விற்றால் அந்த மனிதருக்கு உதவியாக இருக்கும் என்று நினைத்தேன். என் அறிவு அன்றைக்கு இரண்டாவது தடவையாக வேலை செய்தது. மீன் வாங்குவது வீட்டில் என் வேலை அல்ல. எப்போதோ காதில் விழுந்த ஒரு விலையைச் சொன்னேன். அவா ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தா. பேரம் பேசவில்லை. நான்கு கிலோ வாங்கிக்கொண்டு, அந்த இடத்திலேயே நின்று தங்கச்சிக்குப் போன் எடுத்தா. தங்கச்சி வந்தா. தங்கச்சியின் அயல் வீட்டுக்காரி வந்தா. அரைமணித்தியாலத்தில் பெட்டியின் அடி தெரிந்தது. எனக்கு வியாபாரமும் வரும் போலிருக்கிறதே என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

மீன்காரர் திரும்பி வந்தபோது கையில் ஒரு குழாய் இருந்தது. பெற்றோல் நிலையத்தில் போத்தலுக்குத் தரமாட்டார்கள் என்று தெரிந்து, பரந்தனில் யாரிடமோ வாங்கி வந்திருந்தார். “ஐயாவுக்கு நம்பர் கிடைச்சிட்டுது. பத்துக்கு அஞ்சு நிமிசம் இருக்கேக்கை போய்ச் சேந்தம்” என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் வீதி என்றும் பாராமல் கீழே குந்திவிட்டேன். இடுப்பு வேறு விண்விண் என்றது.

பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தார். விலையைக் கேட்டார். சொன்னேன். பெட்டியை மெல்ல மூடினார்.

“அண்ணை, அது போன வருசத்து விலையும் இல்லை” என்றார்.

விலையில் குறைந்த காசை நான் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார்; வாங்காமல் விடுவதற்கு அவர் கதையில் வரும் வள்ளல் அல்ல, வீட்டில் உலை வைக்கிற மனிதர். ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டதற்கும், தன் தாங்கியிலிருந்து இழுத்துத் தந்த பெற்றோலுக்கும் நீட்டிய காசைத் தொடவில்லை. “அது வேறை” என்றார். வெறும் பெட்டியைக் கட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

ஆஸ்பத்திரி மர வாங்கில் பெரியவர் திகதியோடு உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் ஒரு கண், அதற்கடுத்து மற்றது. திரும்பி வரும் வழி முழுவதும் மன்னிப்புக் கேட்டேன். “அதுக்கென்ன சேர்” என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை. காரை எனக்குப் பிடித்திருந்தது. வீணாக்கியதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், லீற்றருக்கு இருபது என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை போலவே இருந்தது. ஏழு கார்களில் உண்மை பேசியது அது ஒன்றுதான். அந்த வார இறுதியிலேயே வாங்குகிறேன் என்று சொன்னேன். அவா தொலைபேசியில் மிகவும் மரியாதையாகப் பதில் சொன்னா: “குறை நினைக்காதேங்கோ சேர். கண் வெளிச்சிட்டா தானே ஓடுவன் எண்டு நிக்கிறார். இப்ப விக்கேல்லை.”

ஆக, நான் கொண்டுபோய்ச் சேர்க்காத கிளினிக்கால் எனக்கு அந்தக் காரும் கிடைக்கவில்லை. இன்னும் அதே மோட்டார் சைக்கிள்தான், இடுப்பில் ஒரு பட்டியோடு. கொப்பியை மனைவி பால்காரன் கணக்கு எழுத எடுத்துவிட்டாள். கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு ஏதாவது தோன்றினால், இப்போது ஒரு நாள் பொறுத்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் மறுநாள் காலை அது போய்விடுகிறது.

இந்த வருடம் தைப்பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் அந்த வெள்ளைக் கார் அலுவலக வாசலில் வந்து நின்றது. காணி அலுவலாக வந்த பெரியவர் தானே ஓட்டி வந்திருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். முதன்முதலாக என் முகத்தை முழுவதாகப் பார்த்து, “நான் நினைச்சதிலும் பாக்க வயசு போன ஆள் நீங்கள்” என்றார். தேத்தண்ணிக் கடையில் இருந்து கதைக்கும்போது, அன்றைக்கு நடந்ததற்கு மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன்.

“கார் நிக்கப்போகுதெண்டு எனக்கு மாடு கடக்கேக்கையே விளங்கீட்டுது சேர். இருபது வருசம் வான் ஓடினனான், எஞ்சின் சும்மா நிண்டு எவ்வளவு குடிக்குமெண்டு தெரியாதே?”

“பிறகேன் ஐயா ஒண்டும் சொல்லேல்லை?”

அவர் தேத்தண்ணியை ஆற்றிக் குடித்துவிட்டுச் சொன்னார்: “நீங்கள் படிச்ச ஆள். நிக்கிறதுக்கும் ஏதோ கணக்கு வைச்சிருப்பியளெண்டு நினைச்சன்.”