பனிமூட்டத்தில் ஒரே மணி

கண்ணாடித் தாழ்வாரத்தில் மணி அடிக்கும் சத்தம் கேட்டது. அடுக்களையில் மாவு பிசைந்துகொண்டிருந்த வெர்னா வேலையைப் போட்டது போட்டபடி விட்டாள். மாவுக் கையோடு ஓடினாள்.

ஏரிப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்து, சாப்பாட்டு மணியின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள் லெனோர். டொராண்டோவிலிருந்து ஓவியத் திருவிழாவுக்கு வந்து, கணவனோடு இந்த வீட்டில் தங்கியிருப்பவள்.

"நிறுத்துங்க!" வெர்னா மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"என் புருஷன் அந்தப் பனிக்குள்ள இருக்கார்! வழி தெரிய வேண்டாமா?"

"படகை ஓட்டுறது என் பொண்ணு, லெனோர்."

விடிந்ததும் லெனோரின் கணவன் கிரெக்கைத் துடுப்புப்படகில் நீர்ப்பறவைகள் காட்ட அழைத்துப்போனாள் வெர்னாவின் மகள் ஷெல்பி. அவர்கள் போன பிறகுதான் பனி இறங்கியது. பைன்ஹோம் ஊரில் பனி இறங்கினால் ஒரே மணிதான் அடிக்க வேண்டும், படகுத்துறை மணி. படகுகள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்துசேரும். வெர்னாவின் வீட்டுக்கும் நடு ஏரிக்கும் இடையிலோ பாறைத்திட்டு.

"சின்ன வயசுலேர்ந்து சாப்பிடக் கூப்பிடுற மணி இது. கேட்டா என்னமோ ஏதோன்னு இந்தப் பக்கம் திருப்பிடுவா. நேரா பாறைதான்."

"துறை மணி அடிக்கிற அந்த ஆர்ச்சிக் கிழவனை நம்பியா உக்காந்திருக்கீங்க?"

"அவனுக்குக் காது கேக்காது. அதனாலதான் அலுக்காம அடிக்கிறான்."

சொன்னாளே தவிர சிரிப்பு வரவில்லை. அவள் கணவர் லோர்னை இதே ஏரி கொண்டுபோயிருந்தது. அதன் பிறகு அறைகளை வாடகைக்கு விட்டு, விருந்தாளிகளுக்குச் சமைத்துப்போட்டு வளர்த்த ஒரே மகள் ஷெல்பி.

டங்... டங்... தூரத்து மணி கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். படகு கரை சேர்ந்தாலும் நிற்கும். ஆர்ச்சி மூச்சு வாங்க உட்கார்ந்தாலும் நிற்கும்.

"இப்பவாவது அடிங்க! நீங்கல்லாம் ஒரு தாயா?"

அந்தச் சொல் நெருப்பாகச் சுட்டது. வெர்னாவின் கையே கயிற்றை நோக்கிப் போனது. ஒரு இழுப்பு போதும், 'அம்மா இங்கே இருக்கிறேன்' என்று சொல்லிவிடலாம். உதட்டைக் கடித்துக்கொண்டு கையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். கண்ணீர் மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார்களோ. வாசலில் காலடிச் சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு ஷெல்பி வந்தாள். பின்னால் முழங்கால்வரை நனைந்த கிரெக்.

"ஏம்மா மணி அடிச்ச? உனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு படகைத் திருப்பிட்டேன். துடுப்பு பாறையில இடிச்சுது. நல்லவேளை, சத்தம் நின்னுச்சு. துறை மணியைப் பிடிச்சுட்டு வந்துட்டோம்."

லெனோரின் முகம் வெளுத்தது. வெர்னா அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"கை தவறிடுச்சுடி," என்று மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

லெனோர் ஓரடி முன்னே வந்தாள். வெர்னா மகளின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தாள்.

"அவர் குளிர்ல நடுங்குறார். உங்க அறைக்குக் கூட்டிட்டுப் போங்க. அடுப்புல விறகு போட்டு வச்சிருக்கேன்."

லெனோர் கணவனின் கையைப் பற்றிக்கொண்டு, எதிரே இருந்த விருந்தாளி அறைக்குப் போக முற்றத்தில் இறங்கினாள். இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தாள். வெர்னா தலையை மட்டும் அசைத்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.